ஏசியைப் போட்டதும் வாடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காருக்குள் வரும் கெட்ட வாடையைப் பற்றி இந்த முறை நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்தே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. கார் ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த பிறகு காலையில் கதவைத் திறந்து, எதையும் போடாமல் உள்ளே உட்கார்ந்து முகர்ந்து பாருங்கள். அப்போதே வாடை இருந்தால் சீட், கார்ப்பெட், டிக்கி பக்கம் தேட வேண்டும். இல்லையென்றால் முதலில் ஃபேனை மட்டும் போடுங்கள், அப்புறம் ஏசி, கடைசியாக ஹீட்டர். எதைப் போட்டதும் வாடை கிளம்புகிறதோ அங்கேதான் பாதி விடை இருக்கிறது.

கேள்வி: காலையில் ஏசியைப் போட்டதும் இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி மக்கல் வாடை வருகிறது. அப்புறம் தானாகப் போய்விடுகிறது. கார் வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. பெர்ஃப்யூமை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன், பலனில்லை.

பதில்: டேஷ்போர்டுக்குப் பின்னால் கூலிங் காயில் என்று ஒன்று இருக்கிறது. எவாபரேட்டர் என்பதும் அதுதான். மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கி, பார்ப்பதற்கு ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும். ஏசி ஓடும்போது அதன் குளிர்ச்சி உறைநிலைக்குச் சில டிகிரி மேலே நிற்கும். அதன் வழியாகப் போகும் காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்பக்கம் வியர்ப்பது போல, அந்தத் தகடுகளின் மேல் நீராகப் படிந்து, கீழே இருக்கும் தட்டில் வடிந்து, ஒரு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்டிவிடும். இது வரைக்கும் எல்லாம் சரி. வண்டியை அணைத்த பிறகுதான் பிரச்சினை. தகடுகளுக்கு நடுவில் ஒட்டிய ஈரம் எங்கேயும் போகாது. இருட்டு, ஈரம், வண்டி நின்ற பிறகு ஏறுகிற சூடு, அதோடு காற்றில் வந்து ஒட்டிய தூசி, மகரந்தம், நம் தோலிலிருந்து உதிர்கிற துகள் என்று பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் வேண்டியதெல்லாம் அங்கே தயாராக இருக்கிறது. அவை வெளிவிடும் வாயுதான் மறுநாள் காலையில் ஃபேன் சுற்றியதும் முதல் வீச்சில் உங்கள் முகத்தில் அடிக்கிறது. காயில் குளிர்ந்து புதுத் தண்ணீர் படிந்ததும் வாடை அடங்கிவிடும். அடங்கியதே தவிர, போகவில்லை. அதனால்தான் தினமும் வருகிறது.

பெர்ஃப்யூம் இதைத் தொடவே தொடாது. மக்கல் வாடையின் மேல் பூ வாடையைக் கொட்டினால் இரண்டும் சேர்ந்து தலைவலிதான் மிச்சம்.

உங்கள் வண்டியில் இது ஆரம்ப நிலை என்றுதான் தெரிகிறது. இன்றைக்கே ஒரு பழக்கத்தைத் தொடங்குங்கள். போய்ச் சேர மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு, ஃபேனை நல்ல வேகத்தில் வைத்து, காற்று வெளியிலிருந்து வரும்படி மாற்றிவிடுங்கள். குளிர்ச்சி கொஞ்சம் குறையும், பொறுத்துக்கொள்ளுங்கள். காயில் காய்ந்த நிலையில் வண்டியைப் பூட்டினால் ராத்திரியில் அங்கே எதுவும் எளிதில் வளராது. உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள், கீழே விவரமாகச் சொல்கிறேன். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வாடை குறையவில்லை என்றால் காயிலைக் கழுவ வேண்டியதுதான்.

கேள்வி: எனக்கு நேர் எதிர். ஏசி ஓடும்போது வாடையே இல்லை, ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் விட்டால் ஒரு நிமிஷத்தில் புளித்த வாடை வருகிறது. இது வேறு கோளாறா?

பதில்: அதே கோளாறுதான். காயில் குளிர்ந்திருக்கும்போது வாடை தரும் பொருளெல்லாம் அந்தத் தண்ணீரோடு கிடக்கும். ஏசியை அணைத்ததும் காயில் சூடேறித் தண்ணீர் ஆவியாகிறது, வாடையும் கூடவே கிளம்புகிறது. சிக்னலில் நின்று புறப்படும்போது திடீரென்று ஒரு வீச்சம் வந்து போகிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார், அவருக்கும் காரணம் இதுவே. இந்த வாடைக்குப் பயந்து ஏசியை அணைக்காமல் ஈரத்தோடேயே வண்டியைப் பூட்டிவிடாதீர்கள். புளித்த வாடை இந்த அளவுக்கு வந்துவிட்டால் காயிலில் அழுக்கு நன்றாகப் படிந்துவிட்டது என்று அர்த்தம். உலர்த்துவது மட்டும் போதாது, முதலில் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் அந்தப் பழக்கத்துக்கு வாருங்கள்.

கேள்வி: ஏசி கேஸ் குறைந்துவிட்டது, அதனால்தான் வாடை என்று சொல்லி கேஸ் நிரப்பினார்கள். வாடை அப்படியே இருக்கிறது.

பதில்: இருக்கத்தான் செய்யும். 1990களுக்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஆர்-134ஏ என்ற வாயு இருக்கிறது, இப்போதைய புதுக் கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். இரண்டுக்கும் சொல்லும்படியான வாடை கிடையாது, மக்கல் வாடையோ புளித்த வாடையோ நிச்சயமாகக் கிடையாது. கேஸ் குறைந்தால் குளிர்ச்சி குறையும். குளிர்ச்சி சரியாக இருந்து வாடை மட்டும் வந்தால் கேஸைத் தொடவே விடாதீர்கள். அது மூடிய சுற்றில் ஓடுகிறது, கசிவு இல்லாமல் தானாகத் தீராது. உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் நிரப்ப வேண்டும்.

கேள்வி: கேபின் ஃபில்டர் எங்கே இருக்கிறது? நானே மாற்றலாமா? கழுவிப் போட்டால் என்ன?

பதில்: தாராளமாக நீங்களே மாற்றலாம். பெரும்பாலான கார்களில் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், சிலவற்றில் பானெட்டைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே. கையேட்டில் படத்தோடு போட்டிருப்பார்கள். குளோவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கத்தையும் லேசாக உள்ளே அழுத்தினால் முன்பக்கமாகச் சரிந்து இறங்கும். பின்னால் ஒரு நீளமான பிளாஸ்டிக் மூடி தெரியும். இரண்டு கிளிப்பை விடுவித்து, மெதுவாக, சாய்க்காமல் இழுங்கள். சாய்த்தால் மேலே இருக்கும் குப்பை அப்படியே காற்றை ஊதும் ஃபேனான புளோயருக்குள் விழும்.

வெளியே வந்ததை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதில் வெள்ளையாக இருந்த மடிப்பு சாம்பல் நிறமாகியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். மடிப்புகளுக்கு நடுவில் காய்ந்த இலைத் துணுக்கு, பூச்சி இறக்கை, கூந்தல் இழை இருக்கும், அதுவும் சகஜம். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக இருந்தாலோ, தொட்டால் ஈரப் பிசுக்காக இருந்தாலோ அது பூஞ்சை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போக வேண்டாம், ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கழுவக் கூடாது. கழுவலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும் ஒரு சில வகைகளைத் தவிர மற்றதெல்லாம் ஒருமுறை போட்டுத் தூக்கிப் போடுவதற்கானவை. தண்ணீர் பட்டால் இழை கலைந்து தூசியைப் பிடிக்கும் சக்தி போய்விடும், சரியாகக் காயாமல் மாட்டினால் நீங்களே பூஞ்சைக்கு இடம் போட்டுக் கொடுத்த மாதிரி. வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது 15,000 முதல் 20,000 கிலோமீட்டருக்குள் மாற்றுவது நல்ல கணக்கு. தூசியான பாதையில் ஓடுகிற வண்டிக்கு இன்னும் சீக்கிரம். கரி கலந்த ஃபில்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வெளியிலிருந்து வரும் புகை வாடையை ஓரளவு உறிஞ்சும். மாட்டும்போது ஓரத்தில் இருக்கும் அம்புக்குறி காற்று போகும் திசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்பிரே நுரை வாங்கி வைத்திருக்கிறேன். ஏசி வென்ட்டில் அடித்தால் போதுமா?

பதில்: வென்ட்டில் அடிக்காதீர்கள். நம் முகத்துக்கு நேராக இருக்கும் வென்ட்டுக்கும் காயிலுக்கும் நடுவில் வளைந்து வளைந்து போகும் குழாய்களும், கதவு போலத் திறந்து மூடும் தகடுகளும் இருக்கின்றன. நுரை பாதி வழியிலேயே நின்று, அப்புறம் ஃபேனைப் போட்டதும் உங்கள் மேலேயே தெறிக்கும்.

நுரை காயிலைத் தொட வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு மூன்று வழி இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிய இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தேன்கூடு மாதிரி அலுமினியத் தகடுகள் தெரிந்தால் அதிர்ஷ்டம், அங்கேயே நேராக அடிக்கலாம். வட்டமான ஃபேன் சக்கரம் தெரிந்தால் அங்கே அடிக்கக் கூடாது, மோட்டாரில் ஈரம் இறங்கும். இரண்டாவது, ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் புளோயர் ரெசிஸ்டரைக் கழற்றி அந்தத் துளை வழியாகக் குழாயை விடுவது. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், ஏனென்றால் பல கார்களில் அது புளோயருக்கும் காயிலுக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றாவது, காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும் குழாய் வழியாகக் கீழிருந்து மேலே ஏற்றுவது.

இன்ஜினும் ஃபேனும் அணைந்திருக்க வேண்டும். நுரையை ஏற்றிவிட்டு, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை, பொதுவாகப் பதினைந்து இருபது நிமிஷம், அப்படியே விடுங்கள். நுரை உடைந்து அடியில் சொட்ட ஆரம்பிக்கும். முதலில் வருவது பழுப்பாக, சேறு கரைத்த மாதிரி இருக்கும், பார்த்தாலே இத்தனை நாள் எதைச் சுவாசித்தோம் என்று புரிந்துவிடும். தெளிவாகச் சொட்டும் வரை ஒன்றிரண்டு முறை செய்யலாம். அப்புறம் திறந்த வெளியில், கதவுகளை எல்லாம் திறந்து வைத்து, இன்ஜினைப் போட்டு, ஏசி இல்லாமல் ஹீட்டரை முழுச் சூட்டிலும் ஃபேனை முழு வேகத்திலும் பத்துப் பதினைந்து நிமிஷம் ஓட விடுங்கள். மூடிய கராஜில் இதைச் செய்யவே கூடாது. புது ஃபில்டரைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும்.

பிளீச், டாய்லெட் கிளீனர், ஆசிட் கலந்த எதுவும் வேண்டாம். கை வைத்தியம் என்று இதைச் செய்துவிட்டுப் பலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். அலுமினியம் அரித்துப் பொத்தல் விழுந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை. அந்த ஆவி நம் நுரையீரலுக்குள் போவது அதைவிட மோசம். எரியக்கூடிய ஸ்பிரே என்றால், அடித்து முடித்து அதன் ஆவி முழுதாகக் காற்றில் கலைந்து போகும் வரை பக்கத்தில் தீப்பெட்டியோ சிகரெட்டோ இருக்கக் கூடாது.

கேள்வி: முன்சீட்டில் உட்காருபவரின் கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறது. மேட்டைக் காய வைத்தாலும் மறுபடி நனைகிறது, முடை நாற்றம் தாங்கவில்லை.

பதில்: முதலில் அந்த ஈரம் தண்ணீரா, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டா என்று பாருங்கள். வெள்ளை டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்துங்கள். நிறமில்லாமல், பிசுக்கில்லாமல் இருந்தால் தண்ணீர். அநேகமாக டிரைன் குழாய் அடைத்து, வெளியே சொட்ட வேண்டியது உள்ளே வழிகிறது. திருப்பத்தில் டேஷ்போர்டுக்குள் தண்ணீர் அலம்புகிற சத்தம் கேட்டால் சந்தேகமே இல்லை. காற்றில் ஈரம் உள்ள நாளில் இருபது நிமிஷம் ஏசி போட்டு நிறுத்திய பிறகும் காருக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றாலும் அதேதான். குழாயின் வாயில் சேறோ பூச்சிக் கூடோ அடைத்திருக்கும், வளையக்கூடிய பிளாஸ்டிக் கம்பியால் மெதுவாக நீக்கலாம். கூர்மையான கம்பியை வேகமாகக் குத்தினால் காயில் ஓட்டையாகிவிடும். ஏசி போடாத நாளிலும், மழைக்குப் பிறகு மட்டும் நனைகிறது என்றால் கண்ணாடி ரப்பர், சன்ரூஃப் வடிகால், பானெட்டுக்குப் பின்னால் இலை அடைத்த இடம் என்று தேட வேண்டும்.

டிஷ்யூவில் பச்சையோ இளஞ்சிவப்போ நிறம் ஒட்டினால், விரலுக்குப் பிசுக்காக இருந்தால், ஹீட்டர் போட்டதும் இனிப்பான நெடி அடித்து முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் படிந்தால், அது ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் பாகமான ஹீட்டர் கோரில் கசிவு. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். குழந்தைகளும் செல்லப் பிராணிகளும் அந்த இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தள்ளிப் போடாமல் வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கூலன்ட் தீர்ந்தால் இன்ஜினும் சூடேறிப் போய்விடும்.

எதுவாக இருந்தாலும், கசிவை நிறுத்திய பிறகு கார்ப்பெட்டைத் தூக்கியே ஆக வேண்டும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு மெத்தை ஸ்பாஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை முழுதாகக் காய வைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டு வாடை போகவில்லை என்று எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு வாரம் வெளியூர் போய் வந்து வண்டியை எடுத்தால் செத்த எலி நாற்றம். உள்ளே எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பதில்: ஃபேனைப் போட்டதும் நாற்றம் கூடுகிறதா? அப்படியென்றால் காற்று போகும் வழியில்தான் கிடக்கிறது, இப்போதைக்கு ஃபேனைப் போடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று நுழையும் திறப்பு, அடுத்து ஃபில்டர் பெட்டி, அடுத்து புளோயர். பல நாள் ஓடாமல் நின்ற ஒரு காரின் ஃபில்டரை நான் இழுத்தபோது பாதிதான் கையில் வந்தது. மீதியைக் குதறி, அதோடு பானெட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சையும் கலந்து, உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக, மெத்தென்று ஒரு கூடு. நடுவில் விதைத் தோல்கள், ஓரமெல்லாம் எச்சம். ஃபேன் சுற்றியபோதெல்லாம் அந்தக் காற்றைத்தான் அந்த வீட்டுக் குழந்தைகள் சுவாசித்திருக்கிறார்கள். நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

எலியின் எச்சமும் சிறுநீரும் நோய் பரப்பும், அதனால் அவசரப்படாதீர்கள். கையுறை, முகக்கவசம் போட்டு, கதவுகளைத் திறந்து சிறிது நேரம் காற்றோட விட்டு, கிருமிநாசினியால் நன்றாக நனைத்து ஊற வைத்த பிறகு எடுங்கள். காய்ந்த நிலையில் பெருக்குவதோ, வேக்யூமில் உறிஞ்சுவதோ கூடாது, துகள் காற்றில் பறக்கும். எடுத்த பிறகு காயிலைக் கழுவி, புது ஃபில்டர். புளோயருக்குள் விழுந்திருந்தால் அதைக் கழற்றத்தான் வேண்டும். இனிமேல் வராமல் இருக்க, காற்று நுழையும் திறப்பில் நெருக்கமான கம்பி வலை வைக்கலாம். வண்டியை நாள் கணக்கில் நிறுத்தும் முன் காயிலை உலர்த்திவிட்டு, கடைசியில் உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றி அணைத்தால் வெளிவழித் தகடு மூடியிருக்கும், அதுவும் ஒரு தடுப்பு.

கேள்வி: சில நேரம் கருகல் வாடை, சில நேரம் பெட்ரோல் வாடை வருகிறது. ஓட்டலாமா?

பதில்: பெட்ரோல் வாடை என்றால் ஓட்டக் கூடாது. பெட்ரோல் போட்ட உடனே லேசாக வந்து போவது வேறு, ஓடும்போது ஏசி வழியாக வந்தால் கசிவு, தீப்பிடிக்கும் ஆபத்து. ஓரம் கட்டி, அணைத்து, எல்லோரும் இறங்கி, ஆளை வரவழையுங்கள்.

கருகல் வாடைக்கு ஃபேனை அணைத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் புளோயர் மோட்டாரிலோ, அதன் இணைப்பு வயரிலோ சூடேறுகிறது. நிற்கவில்லை என்றால் பானெட்டுக்குள் எண்ணெய் சூடான பாகத்தில் சொட்டலாம், பிளாஸ்டிக் பை சைலன்சரில் ஒட்டி உருகலாம், பிரேக்கோ கிளட்சோ தீயலாம். அழுகிய முட்டை வாடை வந்தால் இன்ஜின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும், பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் மிகவும் பயப்படுவது இன்ஜின் புகை உள்ளே வருவதற்குத்தான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. புகை வாடை லேசாக இருந்து, கூடவே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்தால் ஜன்னல்களை இறக்கி, வண்டியை நிறுத்தி வெளியே வந்துவிடுங்கள். நிற்கும் காரில் இன்ஜினையும் ஏசியையும் போட்டுக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கினோம், சிகரெட் வாடை போகவே மாட்டேன் என்கிறது. உள்ளே ஓசோன் வாயு போட்டால் போய்விடும் என்கிறார்கள். என் அம்மாவுக்கு ஆஸ்துமா.

பதில்: ஓசோனில் தொடங்காதீர்கள். சிகரெட்டின் தார் கண்ணாடி, கூரைத் துணி, சீட், சீட் பெல்ட், காயில் என்று எல்லா இடத்திலும் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். வெள்ளைத் துணியை ஈரமாக்கிக் கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தால் மஞ்சளாக வருவது அதுதான். அந்தப் படலத்தைத் துடைத்து எடுக்காமல் எந்த வாயுவைப் போட்டாலும் வெயில் ஏறியதும் வாடை திரும்பிவிடும். கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் சோப்பு நீரால் துடையுங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துத் துடைத்துக் காய விடுங்கள். கூரைத் துணியை மட்டும் நனைக்காதீர்கள், பசை விட்டுத் தொங்கிவிடும், லேசான ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். காயிலைக் கழுவி ஃபில்டரை மாற்றுங்கள். ஒரு தட்டில் சமையல் சோடாவைப் பரப்பி இரண்டு ராத்திரி உள்ளே வைத்தால் மிச்சத்தைக் கொஞ்சம் இழுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு தேவைப்பட்டால் தெரிந்தவர்கள் கையால் ஓசோன் போடலாம். உள்ளே யாரும் இருக்கக் கூடாது, முடிந்ததும் கதவுகளைத் திறந்து நெடி முழுவதும் போகும் வரை விட வேண்டும், அதிகம் போட்டால் ரப்பரும் கெடும். ஓசோன் நுரையீரலை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். அம்மாவை அடுத்த ஒன்றிரண்டு நாள் அந்தக் காரில் ஏற்றாதீர்கள். வென்ட்டில் மாட்டும் பெர்ஃப்யூமும் அவருக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எலெக்ட்ரிக் காருக்கும் இதெல்லாம் உண்டா? பூட்டிவிட்டு வந்த பிறகு உள்ளே ஃபேன் தானாகச் சுற்றுகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: உண்டு. இன்ஜின் இல்லையே தவிர கூலிங் காயிலும் ஈரமும் அதேதான், ஃபில்டரும் அதேதான். நீங்கள் கேட்ட சத்தம் கோளாறு இல்லை, பெரும்பாலும் காயிலை உலர்த்துவதற்காகவே வைத்த வசதியாக இருக்கும். இப்போது பெட்ரோல் கார்கள் சிலவற்றிலும் வருகிறது. கையேட்டில் ஏசி பகுதியைப் புரட்டி உறுதி செய்துகொள்ளுங்கள், செட்டிங்கில் அணைத்து வைக்கும் வழி இருந்தாலும் அணைக்காதீர்கள். ஃபில்டர் மட்டும் உங்கள் பொறுப்பு.